பிள்ளைகளும் கேட்கட்டும்



நமது ஆலய மண்டபங்களிலும் சனசமூக நிலையங்களிலும் சுகாதாரக் கருத்தரங்குகள் நடைபெறுவது புதிதல்ல. மங்கல விளக்கு ஏற்றப்படும். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று நேரம் நீளும். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் வைத்தியர் பயனுள்ள பல விடயங்களை எடுத்துரைப்பார். பின்வரிசையில் அமர்த்தப்பட்ட பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவில், "யாருக்காவது கேள்விகள் உண்டா?" என்று வினவப்படும்போது மண்டபம் மௌனமாகிவிடும். நன்றியுரை முடிந்ததும் வாசலில் றோல்ஸும் சோடாவும் பரிமாறப்படும். உள்ளே கேட்டவை யாவும் அந்த வாசலிலேயே மறக்கப்பட்டுவிடும்.

இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றினால் என்ன என்பதே இவ்வாரச் சிந்தனையாகும். உரைகளைக் கைவிட்டு, கேள்விகளோடு தொடங்கும் ஒரு குடும்ப மாலையை நாம் ஏன் நடத்தக்கூடாது? பெற்றோரும் பிள்ளைகளும் அருகருகே அமர்ந்து, உடற்பயிற்சி, விளையாட்டு, உணவு, உறக்கம் ஆகியவற்றைப் பற்றித் தங்கள் மனத்திலுள்ளதைக் கேட்கட்டும். அறிந்தவர்கள் விடையளிக்கட்டும். சில கேள்விகளுக்குப் பெற்றோரே விடையளிக்கட்டும். இத்தகைய மாலையின் உண்மையான பயன் இந்த இறுதிப் பகுதியிலேயே தங்கியிருக்கிறது என்பது எனது உறுதியான கருத்து.

இதற்கான தேவை சிறியதன்று. 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களேனும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டலில் கூறியுள்ளது. ஆனால், 2016 ஆம் ஆண்டின் நிலையை ஆராய்ந்து 2019 இல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று, 11 முதல் 17 வயது வரையிலானோரில் 81 சதவீதத்தினர் அந்த அளவை எட்டவில்லை என்று காட்டியது. ஆண் பிள்ளைகளில் 78 சதவீதத்தினரும் பெண் பிள்ளைகளில் 85 சதவீதத்தினரும் அதில் அடங்குவர். நமது நாட்டில் நிகழும் மரணங்களில் 83 சதவீதம் இருதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுவதாக அதே ஸ்தாபனம் 2018 இல் மதிப்பிட்டது. நாற்பது வயதில் தெரியவரும் நோய்கள் பலவற்றிற்கு வழிகோலும் பழக்கங்கள் பத்து வயதிலேயே வேரூன்றிவிடுகின்றன.

நமது பிள்ளையின் ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் வாகனத்தில் ஏறிப் பாடசாலைக்குச் செல்கிறது. அங்கே அமர்ந்திருக்கிறது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்குச் செல்கிறது. அங்கேயும் அமர்ந்திருக்கிறது. வீடு திரும்பி வீட்டுப்பாடம் செய்ய அமர்கிறது. எஞ்சிய நேரத்தில் கைத்தொலைபேசியோடு அமர்கிறது. பரீட்சை நெருங்கினால், சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்திற்குரிய நேரமும் கணிதத்திற்குக் கடனாகிப் போகிறது. இந்த அட்டவணையைப் பிள்ளை வகுக்கவில்லை. வகுத்தவர்கள் நாமே. பின்னர், "நீ சோம்பேறி, அசைகிறாயில்லை" என்று அதையே கடிந்துகொள்கிறோம்.

பிள்ளைகள் பெரியோர் நடுவில் அமர்ந்து வினா எழுப்புவதை அடக்கமின்மை என்று கருதும் வழக்கம் நம்மிடையே இன்னமும் உண்டு. பன்னிரண்டு வயது இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்திருந்ததை லூக்கா நற்செய்தியாளர் எழுதியிருக்கிறார். அங்கே அவர் செய்தவை இரண்டு: செவிமடுத்தார், கேள்வி கேட்டார். அவரைத் தேடிவந்த தாயும் ஒரு கேள்வி கேட்டார். மகனும் பதிலுக்குக் கேள்வியே கேட்டார். ஆகவே, குடும்பத்தினர் ஒருவரையொருவர் வினவுவது நமது விசுவாச மரபுக்குப் புறம்பானதன்று.

சரி, இத்தகைய மாலையை எவ்வாறு நடத்துவது? செலவு பெரிதாக வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளை முந்திய வாரமே மண்டப வாசலில் வையுங்கள். ஒன்று பிள்ளைகளுக்கு, மற்றது பெரியோருக்கு. பெயரெழுதாத துண்டுகளில் கேள்விகளை இடச் சொல்லுங்கள். விடையளிக்கப் பிரபலமானவர்களைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் பிரதேசத்துச் சுகாதார வைத்திய அதிகாரி, குடும்பநல உத்தியோகத்தர், பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர் ஆகியோரில் இருவர் வந்தாலே போதும். ஒன்றரை மணித்தியாலத்திற்கு மேல் நீட்டாதீர்கள். அதில் இறுதி அரை மணித்தியாலத்தை முற்றத்தில் கழியுங்கள். கிளித்தட்டுக்குக் கோடு கீறுங்கள். தந்தையர் ஓர் அணியாகவும் பிள்ளைகள் ஓர் அணியாகவும் நிற்கட்டும். யார் வெல்வார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கண்டிப்பு வேண்டும். அன்று எந்தப் பிள்ளையையும் தராசில் ஏற்றாதீர்கள். "இவனைப் பாருங்கள், எவ்வளவு பருமன்" என்றோ, "இவள் எலும்பும் தோலுமாக இருக்கிறாள்" என்றோ ஒரு சொல்லும் எழக்கூடாது. நிறை, உயரம் பற்றிய கவலைகளை வைத்தியரிடம் தனிமையில் பேசலாம். பலர் முன்னிலையில் வெட்கப்படுத்தப்பட்ட பிள்ளை ஓடத் தொடங்குவதில்லை. அது ஒளிந்துகொள்ளவே செய்யும். புன்னாலைக்கட்டுவனில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் தமது அசாதாரண உயரத்திற்காகச் சிறுவயதில் கேலிக்குள்ளானவர். அதே உயரமே வலைப்பந்தாட்டத்தில் நாட்டின் பலமாயிற்று. 2018 இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் அவர் விளையாடினார். 2019 உலகக் கிண்ணப் போட்டியில் அதிக கோல்களைப் பெற்றவரும் அவரே. எல்லாப் பிள்ளைகளும் சாதனையாளர் ஆவதில்லை. ஆனால், தன் உடலை எண்ணிக் கூசாமல் வளரும் உரிமை எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு.

பெட்டியில் எத்தகைய கேள்விகள் விழும்? சிலவற்றை முன்கூட்டியே ஊகிக்கலாம். "பாரம் தூக்கினால் உயரம் வளராதா?" என்று ஓர் இளைஞன் கேட்பான். தகுந்தவரின் மேற்பார்வையில், வயதுக்கேற்ற அளவில் செய்யப்படும் தசைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே இன்றைய மருத்துவ நிலைப்பாடு. வழிகாட்டலின்றிச் சக்திக்கு மீறித் தூக்குவதே ஆபத்தானது. "மாதவிடாய் நாட்களில் விளையாடலாமா?" என்று ஒரு சிறுமி எழுதியிருப்பாள். உடல் இடங்கொடுத்தால் தாராளமாக விளையாடலாம். மிதமான பயிற்சி சிலருக்கு வலியைக் குறைக்கவும் கூடும். கடும் வலியோ மிகையான இரத்தப்போக்கோ இருந்தால் வைத்தியரை நாட வேண்டும். இந்த ஒரு பதிலைத் தாயும் மகளும் ஒன்றாக அமர்ந்து கேட்பது எத்தனை வீடுகளில் எத்தனை தடைகளை அகற்றும்! பருவமடைந்த நாளோடு விளையாட்டு மைதானத்தை விட்டு விலக்கப்பட்ட பெண் பிள்ளைகள் நம்மிடையே பலர் அல்லவா?

"இந்த வயதில் எனக்கெதற்குப் பயிற்சி?" என்று பாட்டி ஒருவர் கேட்பார். 65 வயதைக் கடந்தவர்களுக்கே விழுந்துவிடாமல் காக்கும் சமநிலைப் பயிற்சியும் தசைப் பயிற்சியும் வாரத்தில் 3 நாட்களேனும் வேண்டும் என்கிறது அதே 2020 வழிகாட்டல். கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து மீண்டும் அமர்வதும் அவ்வகைப் பயிற்சிகளுள் ஒன்று. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மையார் 72 வயதில், 2023 ஆம் ஆண்டு, பிலிப்பைன்ஸில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கப் பதக்கங்களை வென்று திரும்பியதையும் நினைவூட்டலாம்.

"சோடா குடிப்பது கெட்டதா?" என்ற கேள்விக்குச் சொற்களால் விடையளிக்க வேண்டாம். போத்தல்கள் சிலவற்றை மேசைமீது வையுங்கள். 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானங்களுக்கு நமது நாட்டில் நிறக் குறியீடு நடைமுறைக்கு வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் என்ற எல்லையில் நிற்கும் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றிலேயே 44 கிராம் சீனி உண்டு. தேக்கரண்டி ஒன்றுக்கு 4 கிராம் என்று கொண்டு, பிள்ளை ஒன்றை அழைத்து, அதனை ஒரு கண்ணாடிக் குவளையில் அளந்து போடச் சொல்லுங்கள். பதினொராவது கரண்டி விழும்போது மண்டபமே எண்ணும். அன்று வாசலில் அவித்த கடலையும் கௌபியும் மோரும் பரிமாறுங்கள்.

இனி, கடினமான கேள்விக்கு வருவோம். பிள்ளைகளின் பெட்டியில் கிடக்கும் ஏதோ ஒரு துண்டில், "அப்பா எப்போது என்னோடு விளையாட வருவார்?" என்று எழுதப்பட்டிருக்கும். "அம்மா மட்டும் ஏன் தொலைபேசி பார்க்கிறார்?" என்றும் இருக்கலாம். இவற்றிற்கு வைத்தியரால் விடையளிக்க இயலாது. துண்டை வாசித்துவிட்டு, சிறிது நேரம் மௌனமாக இருங்கள். பின்பு ஒவ்வொரு குடும்பத்தையும் தமக்குள் பேசி, வாரத்தில் ஒரு நாளை, ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெரிய தீர்மானங்கள் வேண்டாம். செவ்வாய் மாலை 5 மணிக்கு ஒழுங்கை முனைவரை சேர்ந்து நடப்போம் என்பது போதும். நாள் குறிக்கப்படாத தீர்மானம் நிறைவேறுவதில்லை.

"பரீட்சை என்னாவது?" என்று பெற்றோர் சிலர் கேட்பது நியாயமே. தரம் 5 புலமைப் பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளையின் தோள்மீது ஏற்றப்பட்ட சுமையாக இருக்கும் நாட்டில் அந்த அச்சத்தை எள்ளி நகையாடலாகாது. ஆயினும், உடலியக்கம் பிள்ளைகளின் கவனத்திற்கும் கற்றலுக்கும் துணைபுரிகிறது என்பதை மேற்கூறிய வழிகாட்டலே ஏற்றுக்கொள்கிறது. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால உறக்கம் தேவை என்பது உறக்கவியல் நிபுணர்களின் பரிந்துரை. இரவு பதினொரு மணிவரை படிக்கவைத்து அதிகாலை ஐந்துக்கு எழுப்பினால், அந்தப் பிள்ளையின் கண் புத்தகத்தில் இருக்கும். மனம் தலையணையில் இருக்கும்.

வேறொரு குரலுக்கும் நாம் செவிகொடுக்க வேண்டும். விடியுமுன் கடலுக்குச் சென்று வலை இழுப்பவருக்கும், தேயிலை மலையில் நாள் முழுவதும் கூடை சுமப்பவருக்கும், தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவருக்கும், "தினமும் நடவுங்கள்" என்று அறிவுரை கூறுவது கேலியாகவே படும். அவர்களது கேள்வி வேறு. முதுகுவலிக்கு என்ன செய்வது? பாரத்தை எவ்வாறு தூக்குவது? ஓய்வு எங்கே? அவர்களது துண்டுகளும் பெட்டியில் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களை விட்டுவிட்டு நடத்தும் மாலை வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகிவிடும்.

இறுதியாக, பொறுப்பிலுள்ளவர்களை நோக்கியும் ஒரு கேள்வி எழும்: "நாங்கள் எங்கே விளையாடுவது?" தெருக்களில் வாகனங்கள் பறக்கின்றன. வெறுங்காணிகளுக்கு வேலிகள் வந்துவிட்டன. 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் ஆலயங்களின் பாதுகாப்பு இறுக்கமாக்கப்பட்டது. அந்தத் துயரத்தையும் எச்சரிக்கையையும் யாரும் குறைகூற முடியாது. இருப்பினும், பெற்றோர் இருவர் முறைவைத்துக் காவலிருக்க, மாலையில் ஒரு மணித்தியாலம் வளாகத்தின் கதவைப் பிள்ளைகளுக்காகத் திறந்துவைக்க இயலாதா? நமது பங்குச் சபைகள் இதனைத் தங்கள் அடுத்த கூட்டத்திலேயே பேசித் தீர்மானிக்க வேண்டும். கேள்வியைக் கேட்கவைத்துவிட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தால், அடுத்த முறை பெட்டி வெறுமையாகவே இருக்கும்.

ஆகவே வாசகர்களே, அடுத்த கருத்தரங்கைத் திட்டமிடும்போது சிறப்புரையாளரைத் தேடுமுன் இரண்டு பெட்டிகளைத் தேடுங்கள். நம் பிள்ளைகள் கேட்பதைப் பொறுமையோடு செவிமடுக்கவும், கேட்ட பின் நம் வழக்கங்களை மாற்றிக்கொள்ளவும் வேண்டிய மனத்தாழ்மையை இறைவன் நமக்குத் தந்தருள்வாராக. உங்கள் இல்லங்களில் உடல்நலமும் சிரிப்பொலியும் பெருகுவனவாக.