எலிக் கிட்டியும் அதன் விசையும்

நெற்பயிருக்கு நேரும் சேதங்களுள் எலியால் விளைவது கதிர் முற்றும் வரையில் பெரும்பாலும் கண்ணிற்படாமலே நடந்தேறுகின்றது. வரப்பில் நின்று நோக்குவோருக்கு வயல் பசுமையாகவே தோன்றும். உள்ளே இறங்கிப் பார்த்தால் நடுவயலில் தூர்கள் சாய்வாக அறுபட்டுக் கிடக்கும். இளம் பருவத்தில் அறுபட்ட தூர் மறுபடி கிளைத்து ஒருவாறு ஈடு செய்துகொள்ளும். கதிர் உருவான பின்னர் அறுபட்டதற்கு ஈடு இல்லை. சேதம் வெளிப்பட்ட பின்னரே குடியானவர் நஞ்சுக்கடையை நாடுவதும், கிட்டிக்காரரைத் தேடுவதும் பல கிராமங்களில் வழக்கமாயிருக்கின்றன. இவ்வழக்கம் மாறவேண்டுவது அவசியம்.

காவிரிப் பாசனப் பகுதியில் தஞ்சாவூர்க் கிட்டி என்னும் வில்பொறி நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வருகின்றது. ஊருக்கு ஊர் வேலைப்பாடு சிறிது வேறுபடினும் அதன் தத்துவம் ஒன்றே. மூங்கிற் சிம்பை வில்லாக வளைத்து, அதன் வேகத்தை ஒரு சிறு தடைக்குச்சியினால் நிறுத்தி, அவ்விடத்தில் இரையை வைக்கின்றனர். எலி இரையில் வாய் வைத்ததும் குச்சி விடுபட, வில் நிமிர்ந்து எலியின் கழுத்தை நெரிக்கும். மாலையில் வைத்துக் காலையில் எடுப்பது முறை. செலவு சொற்பம், கால்நடைக்கோ, கோழிக்கோ, குழந்தைகளுக்கோ நஞ்சினால் நேரும் அபாயம் இதில் இல்லை.

இவ்வளவு நன்மையிருந்தும், “கிட்டி வைத்துப் பார்த்தாயிற்று, எலி அகப்படவில்லை” என்று குறை கூறுவோர் பலர். குறை கிட்டியினுடையதன்று, பெரும்பாலும் அதன் விசையினுடையது. விசை மிக இலேசாயிருப்பின், காற்றசைவிலும் தவளை, நண்டு முதலியன பட்டும் கிட்டி வீணாக விழும். மிக அழுத்தமாயிருப்பின் எலி இரையைத் தின்றுவிட்டுத் தப்பிச் செல்லும். இரண்டாவது குறையே கேடு மிக்கது. தின்னும்போது பாதி விழுந்த பொறியினின்று தப்பிய எலி, பின்னர் அவ்வகைப் பொறியை அணுகுவதற்கு அஞ்சும். ஆகவே, விசை கெட்ட கிட்டியை வயலில் வைப்பது வையாமலிருப்பதினும் தீங்கானது.

விசை கெடுவதற்குக் காரணங்கள் தெளிவானவை. பனியிலும் சேற்றிலும் நனைந்த மூங்கில் உப்பி, தடைக்குச்சி பொருந்தும் வெட்டு இறுகிவிடுகின்றது. பலமுறை விழுந்த கிட்டியில் அவ்வெட்டின் விளிம்பு மழுங்கிப் பிடிப்பை இழக்கின்றது. பகல் முழுவதும் வளைத்தபடியே விடப்பட்ட வில் நாளடைவில் அவ்வளைவிலேயே நின்றுபோய் வேகம் குன்றுகின்றது. காலையில் எடுத்ததும் வில்லைத் தளர்த்திச் சேற்றைக் கழுவி நிழலில் உலர்த்துவதும், மழுங்கிய வெட்டைக் கூரிய கத்தியால் நேராகச் சீவுவதும், நைந்த நாணை மாற்றுவதும் சில நிமிஷங்களில் முடியும் வேலைகள். மாலையில் வைக்குமுன் ஒவ்வொரு கிட்டியையும் ஒரு வைக்கோல் தாளினால் தொட்டுப் பார்க்கவேண்டும். தாளின் மெல்லிய ஸ்பரிசத்தில் விழுவது ஆகாது. சற்று அழுத்தியதும் தயங்காமல் விழுவதே சரியானது. இரையை மேலே தூவாமல், எலி பற்றி இழுத்தாலன்றி வாராதபடி அழுத்தி வைப்பது நலம்.

வைக்கும் இடமும் விசையைச் சேர்ந்ததே. சேற்றில் ஆடும் கிட்டி எலியை அச்சுறுத்துவதோடு விசையையும் பிசகச் செய்யும். வளைக்கருகில் எலி நடமாடும் தடத்தில் உறுதியான தரை பார்த்து ஊன்றவேண்டும். புதிய பொருளைக் கண்டு ஒதுங்குவது எலியின் இயல்பாகையால், ஓரிரு இரவுகள் விசை ஏற்றாமல் இரையை மாத்திரம் வைத்துப் பழக்கிப் பின் ஏற்றுவது பலன் தரும். செத்த எலியை வெறுங்கையால் தொடுதல் கூடாது. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரினாலும் பரவும். ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே முறை.

அமெரிக்காவில் விலங்கின் காலைப் பிடிக்கும் இரும்புப்பொறி வைப்போர், மிதிதட்டின் இறுக்கத்தைத் திருகாணியால் கூட்டியும் குறைத்தும், குறித்த விலங்கு மிதித்தால் மூடவும், இலேசான பிராணி மிதித்தால் மூடாதிருக்கவும் செய்கின்றனர். விசையைத் திருத்துவது பிடிப்பதற்கு மட்டுமன்றி, பிடிக்கவேண்டாததை விடுவதற்கும் என்னும் இந்நுட்பம் கிட்டிக்கும் பொருந்தும். பூச்சிகளைத் தின்னும் தவளை கிட்டியில் மடிவது குடியானவருக்கே நஷ்டம். ஆனால் அவ்விரும்புப்பொறியையே இங்கு கொணர நினைத்தல் தவறு. அதன் கொடுமை கருதிப் பற்களுள்ள பழைய வகையை இங்கிலாந்து 1958-இல் விலக்கிற்று. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பொறிவைத்துப் பிடிப்பதையும் வேட்டையென்றே கொள்கின்றது. பன்றிக்கோ நரிக்கோ பொறி வைப்போர் தண்டனைக்கு உள்ளாவர் என்பதைக் கிராம அதிகாரிகள் எடுத்துரைக்கவேண்டும்.

நஞ்சுணவை முற்றிலும் விலக்கவேண்டுமென்பதன்று. துத்தநாகப் பாஸ்பைடு ஒரு பங்குக்கு இரை 49 பங்கு என்ற கணக்கில் வைக்கப்படுகின்றது. ஆயினும் அதை உண்டு சாகாமல் தப்பிய எலி மறுமுறை அதைத் தீண்டாது. மனிதர் அதை உட்கொள்ள நேர்ந்தாலோ அதற்கு மாற்று மருந்து இல்லை. ஆகையால் வரப்பை 45 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் உயரமுமாகக் குறுக்கி வளைக்கு இடமில்லாமற் செய்வதும், கோடையில் உழுவதும், ஆந்தை அமரக் கோல் நடுவதும், கிட்டி வைப்பதும் முன்னே நிற்க, நஞ்சு பின்னே நிற்பதே நியாயமான வரிசை.

இனி, யாவற்றினும் முக்கியமானது கூலி விஷயம். கிட்டிக்காரருக்கு அகப்பட்ட எலியொன்றுக்கு இவ்வளவு என்று கொடுப்பதே பெருவழக்கு. எலி மலிந்திருக்கும்போதுதான் அவருக்கு வருமானம். நடவு முடிந்த புதிதில் எலி அருகியிருக்கையில் இரவெல்லாம் உழைத்தும் அன்றைய அரிசிக்குக் காணாது. ஆனால் பயிருக்குப் பெருநன்மை செய்வது அந்த ஆரம்பப் பிடிப்பே. பெண்ணெலி ஏறக்குறைய மூன்று வாரத்தில் குட்டிகள் பல ஈனுவதாகையால், அப்போது ஒன்றைப் பிடிப்பது அறுவடைக் காலத்தில் பலவற்றைப் பிடிப்பதற்குச் சமானம். குடியானவரின் நன்மையும் கிட்டிக்காரரின் வயிறும் எதிரெதிராய் நிற்கும்படி கூலியை அமைத்துவிட்டு, அவரிடம் சிரத்தையில்லையென்று சொல்லுதல் நேர்மையாகாது. 1902-இல் ஹனாய் நகரில் பிரெஞ்சு அதிகாரிகள் எலிவாலுக்குப் பரிசு விதித்தபோது, வாலை அறுத்துக்கொண்டு எலியை உயிரோடு விட்டவர்களும், பரிசுக்காக எலியை வளர்த்தவர்களும் தோன்றினர். எண்ணிக்கைக் கூலியின் முடிவு இதுவே.

ஆகையால் நடவிலிருந்து கதிர் உருவாகும் வரையில் ஏக்கருக்கு இவ்வளவு என்று பரப்புக் கணக்கில் கூலி பேசி, அதன் பின்னர் வேண்டுமாயின் எண்ணிக்கைக்குத் திரும்பலாம். எலி காணாதபோதும் கூலி கொடுப்பதா என்று சிலர் தயங்கக்கூடும். வயலில் எலி காணாதிருப்பதற்கே அக்கூலி என்று உணர்ந்தால் தயக்கம் தீரும். இது தனியொருவரால் ஆவதன்று. ஒருவர் வயலில் ஒழிந்த இடத்தை அடுத்த வயலின் எலி வந்து நிரப்பும். ஒரு வாய்க்கால் பாசனத்துக்குட்பட்ட நிலக்காரர் யாவரும் ஒரே வாரத்தில் தொடங்கும்படி கிராம அதிகாரிகள் நாள் குறித்து, நிலப்பரப்புக்கேற்பப் பணம் திரட்டி, கிட்டிகளின் விசையை முதல்நாள் மாலையில் ஒன்றாகப் பார்வையிடுவாராயின், கதிர்க்காலத்தில் நஞ்சு தேடி ஓடும் அவசியம் பெரிதும் குறையும். வில்லின் விசை சரியாயிருப்பது எவ்வளவு அவசியமோ, அதை ஏற்றும் கைக்குரிய கூலி சரியாயிருப்பதும் அவ்வளவு அவசியம்.