நீர்க்கடுப்புக்கு மாத்திரை வாங்கும் முன்

கடுக்காய்த் தண்ணீரில் ஊறிய துணியை இரும்புத் துரு கரைந்த நீரில் முக்கினால் கறுத்துவிடும். பழைய சாயக்காரர்கள் கறுப்பு எடுத்த வழிகளில் இதுவும் ஒன்று. ஆரணி, களம்பூர்ப் பக்கத்துப் பட்டுத் தறிகளில் இப்போது ரசாயனச் சாயம் தோய்த்த நூல்தான் ஓடுகிறது என்றாலும், கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சாயத் தொழில் தெரிந்த பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிட்டத்தட்ட அதே வேதியியல்தான் மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரு கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது.

அங்கே கடுக்காயின் இடத்தில் இருப்பது எஸ்குலின். ஐரோப்பாவில் நிழலுக்காக வளர்க்கும் குதிரைச் செஸ்ட்நட் மரப்பட்டையிலிருந்து கிடைப்பது. அந்த மரத்தின் உறவு ஒன்று நம் இமயச் சரிவுகளிலும் உண்டு. பட்டை ஊறிய தண்ணீரை வெயிலில் பிடித்தால் நீலமாக ஒளிரும். ஒளிர்தலை ஆராய்ந்த ஸ்டோக்ஸ் 1852-இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். இந்தக் கிருமிச் சோதனைக்கு அது வந்து சேர 1920-கள் ஆகிவிட்டன.

எஸ்குலெட்டின் என்ற பொருளோடு ஒரு குளுக்கோஸ் ஒட்டியிருப்பதுதான் எஸ்குலின். சில பாக்டீரியாக்களால் அந்தக் குளுக்கோஸைப் பிரித்துத் தின்ன முடியும். மிச்சமாகும் எஸ்குலெட்டின், கிருமி வளர்க்கும் ஊடகத்தில் கலந்திருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு கறுக்கும். ஒரு லிட்டர் ஊடகத்துக்கு எஸ்குலின் 1 கிராம், இரும்பு உப்பு அரை கிராம், மாட்டுப் பித்தம் 40 கிராம். கெட்டியாக்குவது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார். பித்தம் வேண்டாத கிருமிகளை அடக்கிவைக்கும். சோதனைக் குழாயைச் சாய்த்து உறையவைத்த வெளிர்பழுப்பு ஊடகத்தில் கிருமியைக் கம்பியால் கீற்றிவிட்டு, உடல் சூட்டில் ஒரு நாள், தேவைப்பட்டால் இரண்டு நாள் வைக்கிறார்கள். பாதிக்கு மேல் மை கொட்டியது போலக் கறுத்தால், அது என்டரோகாக்கஸ் என்ற கிருமியாக இருக்கலாம். உப்பு மிகுந்த ஊடகத்திலும் அது வளர்கிறதா என்று பார்த்து உறுதி செய்வார்கள். பெரிய மருத்துவமனைகளில் இன்று இயந்திரமே பெயரைச் சொல்லிவிடுகிறது. ஆனால் இந்தக் குழாய்க்கு வேண்டியதெல்லாம் ஒரு இன்குபேட்டரும் பழகிய கண்ணும்தான்.

இதற்கும் களம்பூர்க்காரருக்கும் என்ன சம்பந்தம்? நீர்க்கடுப்பு என்றதும் மருந்துக்கடையில் போய் நின்று கேட்டு வாங்கும் மாத்திரைகளில் செஃபிக்சிம் ஒன்று. அது செஃபலோஸ்போரின் வகை. என்டரோகாக்கஸிடம் செஃபிக்சிம் வேலை செய்யாது; அந்த வகை மருந்துகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான். மருந்து பழகிப்போய் வந்த எதிர்ப்பு அல்ல இது, அந்தக் கிருமியின் பிறவிக் குணம். நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் ஈ.கோலை என்ற கிருமிதான் காரணம் என்பது உண்மையே. ஆனால் வயதானவர்கள், சிறுநீர்க் குழாய் போட்டு வீடு திரும்பியவர்கள் விஷயத்தில் என்டரோகாக்கஸை ஒதுக்கிவிட முடியாது. அதுதான் காரணம் என்றால் அவர்களுக்கு அந்த மாத்திரை காசுக்கும் கேடு, குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்கும் கேடு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும் மருந்து விதிகளின் எச்1 பட்டியலில் செஃபிக்சிமும் இருக்கிறது. மருத்துவர் சீட்டு வேண்டும். வாங்கியவர் பெயரும் எழுதியவர் பெயரும் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் பழகியவர்கள் அந்தப் பதிவேட்டைக் கண்டிருக்கவே மாட்டார்கள்.

கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. மாத்திரை தெருமுனையில் கிடைக்கும்போது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வேலூருக்குக் கிளம்ப வேண்டுமென்றால் யாரும் மாத்திரையைத்தான் எடுப்பார்கள். தறியில் உட்கார்ந்தால்தான் காசு என்ற வீட்டில் அது சோம்பேறித்தனம் அல்ல, கணக்கு. ஆகவே பயணம் செய்ய வேண்டியது நோயாளி அல்ல, சிறுநீர் மாதிரி.

சிறுநீரை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தால் அதிலுள்ள கிருமி பெருகி முடிவு பொய்யாகிவிடும். குளிர்ச்சியில் வைத்தால் ஒரு நாள் தாங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் எடுத்து, ஐஸ் பெட்டியில் ஆரணி வழியாக வேலூர் அருகே அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கு மதியத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது பெரிய காரியமா? தடுப்பூசிகளை இதே போலக் குளிர் குறையாமல் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகத் தெரிந்த துறைதானே சுகாதாரத் துறை!

குளிர் காய்ச்சல், இடுப்பு வலி, கர்ப்பம் என்றால் முடிவு வரும்வரை காத்திருக்கச் சொல்ல முடியாது. அப்போதும் முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போனபின் எடுத்தால் ஊடகத்தில் ஒன்றும் வளராமல் போகலாம். இரண்டு மூன்று நாளில் வரும் முடிவை மருத்துவருக்கு ஒரு கைபேசிச் செய்தியாக அனுப்பிவிடலாம். மருந்தை மாற்ற வேண்டுமென்றால் அவர் உள்ளூரிலேயே மாற்றி எழுதுவார்.