இழுத்துவிடும், நிறுத்துமா?

1954ல் வெளிவந்த ஹாலிவுட் படம் 'தி லாங், லாங் டிரெய்லர்'. நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவியாக இருந்த லூசில் பாலும் டெசி அர்னாஸும் அதில் புதுமணத் தம்பதி. நீண்ட நடமாடும் வீடு ஒன்றை வாங்கி, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள். போகிற இடத்திலெல்லாம் ஞாபகார்த்தமாகக் கல் பொறுக்குவது மனைவியின் ஆசை. கூழாங்கல் அல்ல, பாறாங்கல். மலைப்பாதை வரப்போகிறது, எல்லாவற்றையும் தூக்கி எறி என்கிறார் கணவர். மனைவிக்கு மனசு வரவில்லை. வண்டிக்குள்ளேயே ஒளித்து வைத்துவிடுகிறார். ஏற்றத்தில் கற்கள் உருளத் தொடங்க, இருவருக்கும் உயிர் போய் உயிர் வருகிறது.

படம் நகைச்சுவை. ஆனால் டிரெய்லர் இழுப்பவர்கள் இன்றைக்கும் செய்கிற தவறு அதுதான். பின்னால் எவ்வளவு எடை வருகிறது என்று தெரியாது. அந்த எடை எந்த இடத்தில் இருக்கிறது என்றும் தெரியாது.

படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள இந்தப் பயண டிரெய்லர்கள் அமெரிக்காவில் சர்வ சாதாரணம். இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்துக்கு இவற்றைத் தயாரிப்பதே பிழைப்பு. சொந்தமாக வாங்கலாம், வாடகைக்கும் எடுக்கலாம். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோருக்கு கிராண்ட் கேன்யனையோ யெல்லோஸ்டோனையோ காட்ட நினைக்கும் தமிழ் மகன் சனிக்கிழமை காலை ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியும். குடும்பத்துக்கு ஏற்ற சாதாரண அளவு டிரெய்லர் என்றால், பெரும்பாலான மாநிலங்களில் கார் லைசென்ஸே போதும். அவர் அமெரிக்கா வந்த விமானத்தில் பெட்டிக்கு 23 கிலோ என்று எடை போட்டுத்தான் விட்டிருப்பார்கள். இங்கே மூன்று டன் வண்டியைக் கட்டி இழுக்கும்போது பெரும்பாலும் யாரும் நிறுத்திக் கேட்பதில்லை.

அவர் நம்புவது பிக்அப் வண்டியின் விளம்பரத்தை. '4,500 கிலோ இழுக்கும்' என்று அதில் இருக்கிறது. பொய் இல்லை. 2008ல் அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் இதற்கென ஒரு பொது அளவுகோலை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டு அருகே ஏறும் சுமார் 18 கி.மீ. சாலைதான் அதில் முக்கியமான பரீட்சை. குறைந்தது 38 டிகிரி வெயிலில், ஏ.சி.யை முழுதாக ஓடவிட்டு, குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். டொயோட்டா முதலில் இதை ஏற்றது. பிற நிறுவனங்கள் சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தன. ஆனால் பரீட்சை எழுதும் பிக்அப்பில் இருப்பது ஓட்டுநரும் ஒரே ஒரு பயணியும், ஆளுக்கு 68 கிலோ கணக்கில். நம் குடும்பம் அப்படியா கிளம்புகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒரு சிறிய ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவு கிலோவைத் தாண்டக் கூடாது என்று எழுதியிருக்கும். அது 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் சேர்ந்து 340 கிலோ. டிரெய்லரை மாட்டும் இரும்புச் சாதனம் 40 கிலோ. டிரெய்லரின் முன்பக்கம் பிக்அப்பின் வாலில் அழுத்தும் பாரம் 400 கிலோ. மொத்தம் 780. இன்னும் ஒரு பெட்டிகூட பிக்அப்பில் ஏறவில்லை, அதற்குள் 80 கிலோ அதிகம். இத்தனைக்கும் டிரெய்லரின் எடை 3,200 கிலோதான். விளம்பர வரம்புக்கு 1,300 கிலோ கீழே! இழுக்கும் சக்தி மிச்சமிருக்க, சுமக்கும் சக்தி தீர்ந்துபோகிறது. ஆகவே விளம்பரத்தைப் படிக்கும் முன் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டும்.

அந்த 400 கிலோ எங்கிருந்து வந்தது? மாட்டுவண்டியில் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'முன்பாரமா இருக்கு, கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க' என்று வண்டிக்காரர் சொல்வார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லருக்கும் அதே நியாயம்தான். அதன் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக, கொக்கியில் இருக்க வேண்டும். 3,200 கிலோவுக்குச் சுமார் 400.

முன்பாரம் மிகுந்தால் பிக்அப்பின் வால் தாழ்ந்து மூக்கு நிமிரும். ஸ்டியரிங் திருப்பும் முன்சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். இதைச் சமன் செய்ய, பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் தள்ளும் வில்கம்பிகள் உள்ள இணைப்புச் சாதனம் உண்டு. பெரிய டிரெய்லருக்கு அது அவசியம். ஆனால் அதை மாட்டிவிட்டால் ஸ்டிக்கரில் உள்ள வரம்பு கூடிவிடும் என்று நினைக்கக் கூடாது.

முன்பாரம் குறைந்தால் ஆபத்து இன்னும் பெரிது. டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். பக்கவாட்டுக் காற்று, தாண்டிப் போகும் லாரி, ஸ்டியரிங்கில் ஒரு சின்ன வெட்டு, ஏதாவது ஒன்று போதும். மெதுவாகப் போனால் ஆட்டம் தானாக அடங்கும். குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி, கடைசியில் பின்னால் வருவது முன்னால் போவதைக் கவிழ்க்கும். பின்பாரம் கூடக் கூட, அந்த அபாய வேகம் குறைந்துகொண்டே வரும்.

எனவே அரிசி மூட்டை, கிரைண்டர், குடிநீர் கேன் என்று கனமானவை எல்லாம் தாழ்வாகவும், அச்சுக்குச் சற்று முன்னாலும் இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டியையும் மறக்கக் கூடாது. 150 லிட்டர் என்றால் 150 கிலோ. சில டிரெய்லர்களில் அது அச்சுக்குப் பின்னால் இருக்கும். நிரப்பினால் முன்பாரம் குறைந்துவிடும். பின்புறம் சைக்கிள்களைத் தொங்கவிடுவதும் அப்படித்தான்.

ஆட்டம் வந்தே விட்டது, என்ன செய்வது? கை கால்கள் செய்யத் துடிப்பது எல்லாமே தவறு. காலை பிரேக்கில் அழுத்தக் கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டக் கூடாது. வேகமாக ஓட்டி நேராக்கிவிடலாம் என்ற யோசனை கூடவே கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராக, உறுதியாகப் பிடியுங்கள். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில் டிரெய்லரின் மின்சார பிரேக்கை மட்டும் இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும். அதைக் கையால் மெல்ல இயக்குங்கள். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் வண்டி நேராகும். பிறகு ஓரம் கட்டி, எதை எங்கே வைத்தோம் என்று பாருங்கள். அதே சுமையோடு அதே வேகத்தில் தொடர்ந்தால் மீண்டும் வரும்.

அந்தக் கருவியை அவசரத்தில் முதன்முறையாகத் தொடக் கூடாது. கிளம்பும் முன் காலியான ஓர் இடத்தில் மெதுவாக ஓட்டிச் சரிசெய்துகொள்ள வேண்டும். பிரேக் போட்டால் டிரெய்லர் முன்வண்டியைத் தள்ளவும் கூடாது, சக்கரம் பூட்டிக்கொண்டு தேயவும் கூடாது.

வேகத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. டிரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு கலிபோர்னியாவில் உச்ச வரம்பு மணிக்கு 55 மைல், அதாவது 88 கி.மீ. 65 மைலில் போனால் என்ன என்று தோன்றும். வேகம் 18 சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய சக்தி சுமார் 40 சதவீதம் கூடிவிடுகிறது. அதுவும் இரண்டு வண்டிகளின் மொத்த எடைக்கு. மலை இறக்கத்தில் காலைப் பிரேக்கிலேயே வைத்திருந்தால் அது சூடேறி, தேவைப்படும் நேரத்தில் பிடிக்காது. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்பது நம் மலைப்பாதை லாரி ஓட்டுநர்களின் பழைய விதி. அரிசோனாவிலும் அதுவே செல்லும்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம் வண்டியைச் சுற்றி வர வேண்டும். கொக்கி பூட்டியிருக்கிறதா? பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டப்பட்டிருக்கின்றனவா? கொக்கி விட்டுப்போனால் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் தாங்குவது அந்தக் குறுக்கு. வண்டி பிரிந்துபோனால் டிரெய்லர் பிரேக்கைத் தானாகப் போடும் மெல்லிய கம்பி தனியாக இணைக்கப்பட்டிருக்கிறதா? விளக்குகள் எரிகின்றனவா? டயரில் போதிய காற்று இருக்கிறதா? டிரெய்லருக்கென்று தயாரான டயர்களில் பல, வேறு குறிப்பு இல்லாவிட்டால் 65 மைல் வேகம் வரைக்கும்தான். சில மைல் ஓட்டிவிட்டு, நிறுத்தி மறுபடியும் ஒரு சுற்று.

இன்னொன்று, நம்மவர்களுக்கு முக்கியம். 'அப்பாவுக்கு முதுகு வலி, பின்னால் கட்டிலில் படுத்துக்கொண்டு வரட்டுமே' என்று யாராவது சொல்வார்கள். பல மாநிலங்களில் சட்டம் அனுமதிக்காது. அனுமதிக்கும் இடத்திலும் வேண்டாம். கட்டிலில் சீட் பெல்ட் கிடையாது. ஆட்டம் வந்தால் முதலில் தூக்கி எறியப்படுவது அப்பாதான்.

இதெல்லாம் அமெரிக்க விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. கோலாப்பூர் பக்கமோ மேற்கு உத்தரப்பிரதேசத்திலோ கரும்பு வெட்டும் பருவத்தில் இரவுப் பயணம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு டிராக்டர், அதன் பின்னால் மலைபோல் கரும்பு ஏற்றிய இரண்டு டிரெய்லர்கள். பலவற்றுக்கு பின்விளக்கு இருக்காது, தனி பிரேக்கும் இருக்காது. அங்கேயும் 'இழுக்குமா?' என்ற ஒரே கேள்வியோடு சுமை ஏற்றப்படுகிறது.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் நிலையங்கள் பலவற்றில் எடை மேடை இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும் எவ்வளவு பாரம் என்று சீட்டு அடித்துத் தருவார்கள். குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிய பிறகு ஒருமுறை அதில் ஏறி இறங்குவதற்கு, அந்தக் குடும்பம் வழியில் ஒரு வேளை சாப்பிடுவதைவிடக் குறைவாகத்தான் செலவாகும். யார் எந்தக் கல்லை எங்கே ஒளித்து வைத்திருந்தாலும் சீட்டு காட்டிக்கொடுத்துவிடும்.