ஞாயிறு முதல் சனி வரை எலைசா

இந்த வாரம் மனசு நிறைந்திருக்கிறது. காரணம் ஒரு கடிதம். எனக்கு வந்த கடிதம் இல்லை, என் மகளுக்கு வந்தது. படித்துவிட்டு எனக்கு அனுப்பி வைத்தாள்.

சால்ட் லேக் சிட்டியில் மகளின் எதிர்வீட்டில் இருக்கும் மார்மன் சபைத் தம்பதியைப் பற்றி முன்பே இங்கே எழுதியிருக்கிறேன். அவர் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா ஆரம்பப் பள்ளி டீச்சர். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. போன வருஷம் வீட்டுச் சாவியை மகளிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு பேரும் கானா நாட்டின் அக்ராவுக்கு ஊழியத்துக்குப் போனார்கள். வெள்ளைச் சட்டையும் டையுமாக இரண்டிரண்டு பேராக நடந்து போகும் இளைஞர்களைத்தான் அந்தச் சபையின் அடையாளமாக உலகம் பார்த்திருக்கிறது. ஓய்வு பெற்ற தம்பதிகளும் ஆறு மாதம் முதல் இருபத்து மூன்று மாதம் வரை இப்படிப் போவது பலருக்குத் தெரியாது. செலவு அவர்களுடையது. வீடு வீடாகப் போய்க் கதவு தட்ட வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

பிறகு வாரம் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? அதைத்தான் அந்த அம்மா எழுதியிருந்தார். திங்கட்கிழமை துணி துவைப்பதும் சந்தைக்குப் போவதும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும். செவ்வாயும் புதனும் இளம் ஊழியர்கள் தங்கியிருக்கும் வீடுகளைப் பார்வையிடுவது. கேஸ் கசிகிறதா, கொசுவலை கிழிந்திருக்கிறதா, தண்ணீர் வடிகட்டியை எப்போது கழுவினார்கள், ஃபிரிட்ஜுக்குள் என்ன அழுகிக்கொண்டிருக்கிறது. கரண்ட் அடிக்கடி போகும் ஊர் என்பதால் கணவருக்கு ஒயர் வேலை ஓய்வதே இல்லை. வியாழக்கிழமை, காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பையனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மலேரியா பரிசோதனை. வெள்ளிக்கிழமை ஆலயம், அக்ராவில் 2004இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் இருக்கிறது. சனிக்கிழமை, அரிசியில் எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று தெரியாத இரண்டு பையன்களுக்குச் சோறு வடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, அதன் பிறகு நான்கு வீடுகளில் சாப்பிடக் கூப்பிட்டு, நான்கிலும் உட்கார்ந்து எழுந்தது.

அந்தச் சபையின் உபதேசம் எனக்கு ஒத்துவராது. அது வேறு விஷயம். என்னைச் சந்தோஷப்படுத்தியது கடிதத்தில் போகிற போக்கில் அவர் எழுதியிருந்த ஒரு வரி. நியமனக் கடிதம் இருவர் பேருக்கும் சேர்த்தே வந்ததாம். கணவர் சட்டையில் இருப்பது போலவே அவர் உடுப்பிலும் ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. அவர் ஊழியக்காரரின் மனைவியாகப் போகவில்லை. ஊழியக்காரராகவே போயிருக்கிறார்.

இதைப் படித்து முடித்த அன்றே தபாலில் ஓர் அழைப்பிதழ் வந்தது. தென்மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் பிஷப் கால்டுவெல் பற்றி இரண்டு நாள் கருத்தரங்கு. ஒப்பிலக்கணம், கொற்கை அகழாய்வு, திருநெல்வேலிச் சரித்திரம், இடையன்குடி ஆலயக் கட்டடக்கலை என்று எல்லாவற்றுக்கும் ஓர் அமர்வு இருக்கிறது. அவர் மனைவி எலைசாவுக்கு இல்லை. ஒரு கட்டுரைத் தலைப்பில்கூட அந்தப் பெயர் இல்லை. நாலு நாளாகியும் கோபம் ஆறவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் ‘மறுபடியும் எலைசாவா’ என்று கேட்கலாம். ஆமாம், மறுபடியும்தான். அக்ராவைப் பற்றி அடுத்த கடிதம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கால்டுவெல்லின் கதை நமக்கு மனப்பாடம். 1814இல் அயர்லாந்தில் பிறந்தார். 1838இல் சென்னை வந்து இறங்கினார். நீலகிரி வரை சுற்றிக்கொண்டு, பெரும்பகுதியைக் கால்நடையாகவே கடந்து தெற்கே வந்தார். 1841இல் இடையன்குடி. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1877இல் பிஷப். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி மெரினாவில் சிலை, 2010இல் தபால்தலை. இந்தக் கதையில் 1844 என்ற வருஷத்தை ‘திருமணம் செய்துகொண்டார்’ என்ற இரண்டு வார்த்தையில் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். என் வழக்கு அந்த இரண்டு வார்த்தையோடுதான்.

யாரைத் திருமணம் செய்தார்? நாகர்கோவிலில் லண்டன் மிஷன் ஊழியராக இருந்த சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதியின் மகளை. மால்ட் தம்பதி 1819இல் நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். எலைசா பிறந்தது 1822இல். கால்டுவெல் தமிழைப் பெரியவரான பிறகு புத்தகத்தோடும் முன்ஷியோடும் மல்லுக்கட்டிக் கற்றார். எலைசாவுக்கோ அது சின்ன வயசிலிருந்து காதில் விழுந்த பாஷை. சமையல்கட்டிலும் கிணற்றடியிலும் பிள்ளைப்பேறு நடக்கும் அறையிலும் புழங்குகிற தமிழ் இலக்கணப் புத்தகத்தில் அகப்படாது. இடையன்குடிப் பெண்கள் எந்த வெள்ளைக்காரரிடம் வாய் திறந்து பேசியிருப்பார்கள் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மார்த்தாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மகள் கையில் இருந்தது தாய் கற்றுக்கொடுத்த தொழில். நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, படிப்போடு லேஸ் பின்னலையும் சேர்த்தவர் மார்த்தா. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே, அடிமைக் குடும்பத்துப் பெண்களில் சிலர் லேஸ் பின்னிச் சேர்த்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். பெண்கள் மேல்சீலை அணியும் உரிமைக்கே 1859 வரை அடிபட வேண்டியிருந்த நாட்டில் இது நடந்தது. நம் பாடப்புத்தகங்களில் ஒரு முழுப் பாடமாக இருந்திருக்க வேண்டிய விஷயம்.

அந்த லேஸை எப்படிப் பின்னுவார்கள் என்று என் ஆச்சி செய்து பார்த்திருக்கிறேன். வைக்கோலோ மரத்தூளோ இறுக்கி அடைத்த உருளைத் திண்டு ஒன்றை மடியில் வைத்துக்கொள்வார்கள். அதன்மேல் புள்ளி புள்ளியாகத் துளையிட்ட அட்டை. அட்டைதான் டிசைன். வெள்ளை நூல் சுற்றிய விரல் நீளக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். ஒன்றை மற்றொன்றுக்கு மேலே போடு, முறுக்கு, துளையில் குண்டூசியைக் குத்து, அடுத்த ஜோடியை எடு. கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மத்தியானம் முழுக்க உட்கார்ந்தாலும் அகலமான லேஸ் என்றால் இரண்டு விரற்கடைதான் வளரும். நூலில் வியர்வைக் கறை படக்கூடாது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் இருக்கும். ஆச்சி கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கட்டையைத் தொடுவாள். “நூல் அழுக்காச்சுன்னா கூலி பாதிதாம்ளா” என்பாள்.

இப்போது இதை இடையன்குடியில் வைத்துப் பாருங்கள். தேரிக்காட்டுச் செம்மண். எங்கு பார்த்தாலும் பனை. பதநீர் காலம் வந்துவிட்டால் குடும்பம் மொத்தமும் விடிவதற்கு முன் எழும். ஆண்கள் மரமேறுவார்கள், பெண்கள் விறகு பொறுக்கி, அடுப்பு மூட்டி, பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு அடுப்படியை விட்டு நகர முடியாது. பள்ளிக்கூடம் யார் கண்ணில் படும்? கொதிக்கும் பாகைக் கிண்டிக் காய்த்துப்போன கைக்கு மெல்லிய நூலைப் பழக்குவது எவ்வளவு கடினமான பாடம்! எலைசா அங்கே பெண்பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் பள்ளியை நடத்தினார், லேஸ் பின்னலையும் கற்றுக்கொடுத்தார். விடுதி இல்லாவிட்டால் பனையேறிக் குடும்பத்துப் பெண்ணுக்கு எழுத்து வாசனையே கிடைத்திருக்காது. லேஸ் இல்லாவிட்டால், “படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறா?” என்று கேட்கும் தகப்பனுக்குப் பதில் சொல்லியிருக்க முடியாது. படிப்பும் கைக்காசும் சேர்ந்து வந்ததால்தான் பெண்கள் பள்ளியில் நிலைத்தார்கள் என்பது என் முடிவு.

ஒரு மிஷன் பங்களாவின் வாரத்தை யோசித்துப் பாருங்கள். தினமும் காலையும் மாலையும் ஜெபமணி. கிராமங்களிலிருந்து உபதேசிமார் வந்து கணக்கு ஒப்பிக்கும் நாள் ஒன்று. மருந்துப் பெட்டியைத் திறந்தால் வாசலில் கூட்டம். விடுதிப் பிள்ளைகளுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, சொறி சிரங்கு, பேன். ஐயர் வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய்விட்டால் இத்தனையும் யார் தலையில் விழும்? (எங்கள் பக்கத்தில் வெள்ளைக்காரக் குருவானவரையும் ஐயர் என்றுதான் சொல்வோம்.) எலைசாவுக்கு இதற்கு மேல் ஏழு பிள்ளைகள். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். கால்டுவெல் உடம்பு சரியில்லாமல் எத்தனையோ முறை படுத்திருக்கிறார். ஒப்பிலக்கணத்தின் ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் வீட்டைச் சத்தமில்லாமல் வைத்திருந்த ஒரு மத்தியானம் இருக்கிறது.

இத்தனைக்கும் மிஷன் சங்கத்தின் ஊழியர் பட்டியலில் மனைவிமார் கிடையாது, தனிச் சம்பளமும் கிடையாது. அந்தக் காலத்துச் சங்கங்கள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். கால்டுவெல் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. சங்கத்தில் பெண்கள் பணிக்கென்று ஓர் அமைப்பு வந்ததே 1866இல்தான். அதற்குள் எலைசா இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பணியைச் செய்துவிட்டார். திருமணமாகாத பெண்களைத் தனியாக நியமித்து அனுப்பத் தொடங்கிய பிறகு அந்தப் பெண்களாவது கணக்கில் வந்தார்கள். மனைவிமார் கடைசிவரை கணக்கில் வரவில்லை.

நமக்கு வழிகாட்டியாக இருக்கும் புத்தகம் 1894இல் வந்த ‘பிஷப் கால்டுவெல்லின் நினைவுகள்’. தொகுத்தவர் ஜே.எல். வயட், அவருடைய மருமகன். மாமனார் வீட்டைக் கூடத்திலிருந்து கொல்லை வரை அறிந்த மனிதர். அப்போது எலைசா உயிரோடு இருந்தார். ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துப்போய், “அத்தை, உங்கள் நினைவுகளையும் சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தென்தமிழ்நாட்டுப் பெண்களைப் பற்றி வேறு எங்கும் கிடைக்காத ஒரு புத்தகம் நமக்குக் கிடைத்திருக்கும். இந்த இழப்பை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

வயதான காலத்தையும் பாருங்கள். இடையன்குடி ஆலயம் முப்பது வருஷத்துக்கு மேல் இழுத்து 1880இல் முடிந்தபோது கால்டுவெல்லுக்கு அறுபத்தாறு, எலைசாவுக்கு ஐம்பத்தெட்டு. அக்ராவுக்குப் போயிருக்கும் தம்பதியின் வயது அதுதான். ஆனால் இவர்களுக்கு மாதக் கணக்கில் கெடு ஏதும் இல்லை. திரும்பிப் போய்ப் பேரப்பிள்ளைகளோடு உட்காரும் எண்ணமும் இல்லை. 1883இல் மறுபடி சாமான்களைக் கட்டி எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குக் குடிபோனார்கள். 1891 ஜனவரியில்தான் கால்டுவெல் பொறுப்பிலிருந்து விலகினார். அதே வருஷம் ஆகஸ்டில் கோடைக்கானலில் காலமானார். உடலை இடையன்குடிக்குக் கொண்டுவந்து அந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்தார்கள். எலைசா இன்னும் எட்டு வருஷம் இருந்தார், 1899 வரை. நாற்பத்தேழு வருஷம் இரண்டு பேராக இழுத்த வண்டியில் கடைசி எட்டு வருஷம் அவர் ஒற்றையாள். அந்த எட்டு வருஷத்தைப் பற்றி யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.

கருத்தரங்கு நடத்தும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். இன்னும் நாள் இருக்கிறது, இரண்டாம் நாள் காலையில் ஓர் அமர்வைச் சேர்க்கலாம், பேச ஆள் இல்லையென்றால் நானே வருகிறேன் என்று. இடையன்குடியில் அவர்கள் வாழ்ந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. பஸ்ஸில் வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு லேஸ் திண்டையும் கட்டைகளையும் காட்டினால், அந்த வீட்டில் இரண்டு பேர் வேலை செய்தார்கள் என்பது தன்னால் விளங்கிவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஆச்சியோ பெரியம்மாவோ வைத்திருந்த திண்டு, துளையிட்ட அட்டை, முடிக்காமல் விட்ட லேஸ் துண்டு ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அவர்கள் யாரிடம் கற்றார்கள், எந்தப் பள்ளியில், ஒரு கஜத்துக்கு என்ன கூலி வாங்கினார்கள் என்று ஞாபகம் இருக்கிற பெரியவர்களிடம் கேட்டு, ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். நாங்குநேரி, திசையன்விளை, சாயர்புரம், நாசரேத், நாகர்கோவில் பக்கத்து வாசகர்களிடமிருந்து முதலில் எதிர்பார்க்கிறேன்.