துண்டில்லாமல் அன்டிபயோடிக் வாங்குவதை நிறுத்துவோம்



புண் ஆறாவிட்டால் "ஆஸ்பத்திரிக் கிருமி" என்கிறோம். அந்த ஸ்டெஃபைலோகொக்கஸ் சுமார் மூன்றில் ஒருவரின் மூக்கிலேயே இருக்கிறது. அதில் மெக்-ஏ மரபணு ஏறியதுதான் எம்.ஆர்.எஸ்.ஏ. பென்சிலின் வகை மருந்துகள் பலிக்காது. சில வகைகள் நஞ்சு சுரந்து வெள்ளையணுக்களையே அழிக்கும். 2019இல் உலகில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

தூண்டில் குத்தினாலும் தடிமன் வந்தாலும் துண்டில்லாமல் அன்டிபயோடிக் வாங்குகிறோம். தடிமன் வைரஸால் வருவது. அதற்கு இந்தக் குளிசை எதற்கு? பலவீனமான கிருமி சாகும், மருந்துக்கு அடங்காதது பெருகும். சட்டத்தை மீறி விற்கும் பாமசியும் குற்றவாளியே.

ஐவேளை உளூச் செய்யும் நாம், வார்ட்டில் கைகழுவாமல் கட்டிலுக்குக் கட்டில் முஸாபஹா செய்வது என்ன நியாயம்? நோய் விசாரிப்பது சுன்னத், கிருமி காவுவதல்ல.

கதீப்மாரே, இதை ஜும்ஆவில் சொல்லுங்கள்.