சீட்டுப் பணமும் பிள்ளையின் கம்ப்யூட்டரும்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்துவிட்டேன். திருச்சியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பிளஸ் டூ எழுதி முடித்த பிள்ளை, விளையாடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என ஒற்றைக் காலில் நிற்கிறானாம். "கடையில் விசாரித்தால் தொண்ணூறாயிரம் என்கிறார்கள். என் கையில் சீட்டு எடுத்த பணம் 45,000 இருக்கிறது. அவரைக் கேட்டால் 'உன் இஷ்டம்' என்று சொல்லிவிட்டார். ஏமாந்துவிடக் கூடாதே என்று பயமாக இருக்கிறது அக்கா. பேசாமல் லேப்டாப்பாக வாங்கிக் கொடுத்துவிடட்டுமா?"

'உன் இஷ்டம்' என்ற வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் உண்டு என்பது நமக்குத் தெரியாததா!

ஊறுகாயும் உரை மருந்தும் எழுதிக்கொண்டிருந்தவளுக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். 2019 ஜூனில், சின்னவன் எட்டாம் வகுப்புப் போகும்போது, இதே மாதிரி சீட்டுப் பணம் 32,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் கொடுத்தேன். கண்ணாடிப் பெட்டி, உள்ளே வானவில் மாதிரி விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஐ7 இருக்குங்கம்மா, பதினாறு ஜிபி இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தேன். பில் போட்டால் வரி சேரும் என்றார். சரி, வேண்டாம் என்றேன். எட்டே மாதம். 2020 பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் ரப்பர் கருகுகிற வாடை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று ஓடினேன். அடுப்பில் ஒன்றுமில்லை. உள்ளேயிருந்த பவர் சப்ளை போனதோடு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பில் இல்லாததால் கடையில் முகம் கொடுத்தே பேசவில்லை. அடுத்த மாதமே ஊரடங்கு. ஒரு வருஷத்துக்கு மேலாக அப்பாவின் போனில் குனிந்து குனிந்து பாடம் படித்தான் பிள்ளை.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளையும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையுமே கேட்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு உறுத்தல்.

2024-ல் அவன் கல்லூரியில் சேர்ந்தபோது நானே கூப்பிட்டேன். "வாடா, இந்தத் தடவை ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சுட்டு அப்புறம் வாங்குவோம்" என்றேன். இரண்டு மாதம் ஒரு பழைய நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தோம். அதிலிருந்துதான் திருச்சி சகோதரிக்குச் சொல்கிறேன்.

முதலில் லேப்டாப் விஷயம். கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமென்றால் அது வேறு கணக்கு. விளையாட்டுதான் முக்கியம் என்றால் 45,000 ரூபாய் லேப்டாப் அவனுக்கும் திருப்தி தராது, உங்களுக்கும் தராது. மூன்று வருஷம் கழித்துப் படம் வரையும் சக்தி போதவில்லை என்று தெரிந்தால் அதில் ஒன்றும் மாற்ற முடியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுகிறோமே தவிர வீட்டையா இடிக்கிறோம்?

அந்தப் படம் வரையும் பாகம்தான் கிராஃபிக்ஸ் கார்டு. பிராசஸர் கணக்குப் போடும். திரையில் ஓடுகிற காட்சியை வரைவது கார்டு. ஆகவே விளையாட்டுக் கம்ப்யூட்டரில் பெரிய தொகை கார்டுக்குத்தான் போகும், போகவும் வேண்டும். தொண்ணூறாயிரம் கேட்டார்களே, பெரும்பாலும் அது கார்டோடு சேர்த்துச் சொன்ன விலையாக இருக்கும். 45,000-க்குள் திரை, கீபோர்டு எல்லாம் சேர்த்து நல்ல புதுக் கார்டும் வாங்குவது நடக்காத காரியம். நடக்கும் என்று யாராவது சொன்னால் எங்கோ வேறிடத்தில் கை வைக்கிறார்கள் என்று அர்த்தம். என் விஷயத்தில் பவர் சப்ளையில் வைத்தார்கள்.

நாங்கள் வேறு வழியில் போனோம். பிராசஸருக்குள்ளேயே ஓரளவு படம் வரையும் சக்தி இருக்கிற ரகம் உண்டு. ஏஎம்டி ரைசன் 5 5600ஜி என்பது 2021-ல் வந்தது. அதை வாங்கினோம். கார்டு இல்லாமலே அதில் வேலரன்ட் நன்றாக ஓடியது. ஜிடிஏ 5, படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடியது. பையன் விளையாடுவதும் அவைதான். முதலில் பிள்ளை எதை விளையாடப் போகிறான் என்று கேளுங்கள். மைன்கிராஃப்ட், வேலரன்ட் என்றால் இந்த வழி போதும். சமீபத்தில் வந்த பெரிய பெரிய ஆட்டங்கள் என்றால் கார்டு இல்லாமல் ஆகாது, காத்திருக்கத்தான் வேண்டும். இதை முதல் நாளே அவனிடம் பேசிவிடுங்கள்.

பிராசஸர் வாங்குவதில் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்று, இன்டெல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து. 12100எஃப் என்றால் உள்ளே படம் வரையும் பகுதி கிடையாது. கார்டு வாங்கும் வரை திரை இருட்டாகவே இருக்கும். விலை குறைவென்று அதை எடுத்துவிடாதீர்கள். இரண்டாவது, நான் விழுந்த பள்ளம்: ஐ7. ஐ3-ஐவிட ஐ7 பெரிது என்று நாம் நினைப்பது இயற்கை. ஆனால் எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்க வேண்டும். எனக்குத் தந்தது 4770. முதல் எண் 4, அதாவது நாலாம் தலைமுறை; 2013-ல் வந்த சரக்கு. 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100 இதைத் தாராளமாக முந்திவிடும். அது மட்டுமல்ல, விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவியை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். 'ஐ7, பதினாறு ஜிபி, இருபதாயிரம்தான்' என்று இன்றும் விளம்பரம் வருகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலுள்ள எண்ணைப் பாருங்கள், அது போதும்.

இனி பவர் சப்ளை. கடைத்தெருவில் எஸ்.எம்.பி.எஸ். என்பார்கள். ஒரு பெட்டிக்குள் இன்னொரு சின்னப் பெட்டி. யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கேபினட் வாங்கினால் இலவசம் என்றுகூடத் தருவார்கள். அந்த இலவசம்தான் எனக்கு 32,000 ரூபாய் ஆயிற்று. கருகிப்போனதைப் பிற்பாடு பிரித்துப் பார்த்தோம். வெளியே கொட்டை எழுத்தில் 450 வாட். பக்கவாட்டுச் சீட்டில் பொடி எழுத்தில், 12 வோல்ட், 16 ஆம்பியர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். 192 வாட்! பிராசஸரும் கார்டும் குடிப்பது முக்கியமாக இந்த 12 வோல்ட் வழியாகத்தான். 450 என்று எழுதியது சும்மா. புதிதாக வாங்கியதில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் என்று இருந்தது, 540 வாட். பெட்டிமேல் 550. இது நாணயமான சீட்டு. '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற முத்திரையும் இருந்தது. அது மின்சாரம் வீணாகாமல் இருப்பதற்கான முத்திரைதான். பெட்டி உறுதியானது என்பதற்கு அதையே அத்தாட்சியாக நினைத்துவிடாதீர்கள். எத்தனை வருஷம் வாரன்டி தருகிறார்கள் என்பதையும் பாருங்கள். எங்களுடையதற்கு 5 வருஷம். வேறெதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம்.

விலை சொல்கிறேன். 2024 ஜூனில், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, ரிச்சி தெருவுக்கு நடந்து போய், நாலு கடையில் ஒரே பட்டியலைக் காட்டி விலை எழுதி வாங்கி, ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி இரண்டாவது கடைக்கே திரும்பி வந்து வாங்கினோம். பிராசஸர் 12,000. மதர்போர்டு 7,500. ராம் எட்டு எட்டாக இரண்டு, 3,400. 500 ஜிபி எஸ்.எஸ்.டி. 3,300. பவர் சப்ளை 4,300. விளக்கில்லாத, முன்பக்கம் வலை போட்ட கேபினட் 2,600. 24 அங்குலத் திரை 8,000. கீபோர்டும் மவுசும் 1,000. ஆக 42,100, பதினெட்டு சதவீத வரி உட்பட, பில்லோடு. ராமை ஒரே பதினாறாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் படம் வரைவதற்கும் இந்த ராமைத்தான் உபயோகிக்கிறது. இரண்டு வழியாகத் தண்ணீர் வந்தால் தொட்டி சீக்கிரம் நிறைவதுபோல, வேகத்தில் நல்ல வித்தியாசம் தெரியும்.

ஒன்று ஜாக்கிரதை. இந்த விலையை அப்படியே நம்பிக்கொண்டு போய் நிற்காதீர்கள். 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை தாறுமாறாக ஏறியது; செயற்கை நுண்ணறிவுக்காகப் பெரிய கம்பெனிகள் மொத்தமாக வாரிக்கொண்டு போனதன் பலன். பட்டியல் இடிக்கிற மாதிரி இருந்தால் முதலில் எட்டு ஜிபி ஒன்று மட்டும் வாங்கிச் சமாளித்து, பிறகு இன்னொன்று சேர்க்கலாம். வேகம் குறையும்தான், ஆனால் ஓடும்.

கடையிலேயே பூட்டித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று வீட்டுக்குக் கொண்டு வந்தோம். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். பிராசஸரின் அடியில் ஊசி ஊசியாக 1331 கால்கள். பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்குவதுபோலக் கையில் வாங்கினேன். தங்க நிற முக்கோணக் குறியைப் போர்டின் குறியோடு பொருத்தி வைத்தால் தானாக இறங்குகிறது, அழுத்தவே கூடாது. எல்லாம் முடித்துத் திருகாணிகளைப் போட்டபிறகு பார்த்தால், பின்பக்கத் தகடு மேஜைமேல் சிரித்துக்கொண்டு கிடக்கிறது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினோம். சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, திரை கறுப்பு. என் அடிவயிறு சில்லென்று ஆகிவிட்டது. சின்னவன்தான் நிதானமாக, "அம்மா, ராம் சரியா உட்காரல போல" என்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு அழுத்தினான். 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி போட்டதும் திரையில் எழுத்து வந்தது. இரவு பதினொன்றரை மணி. அவர் அறையிலிருந்து எழுந்து வந்து, ஒன்றும் சொல்லாமல் மூன்று பேருக்கும் காபி போட்டார்.

மூன்று முள் பிளக், எர்த் சரியாக இருக்கிற சுவிட்ச். இதை எலக்ட்ரீஷியனை வைத்து முதலிலேயே பார்த்துவிடுங்கள். மின்சாரக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். பிற்பாடு கார்டும் சேர்ந்து ஏறக்குறைய 250 வாட், தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட். உங்கள் வீடு 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடாக இருந்தால் யோசியுங்கள். தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். மேஜையைக் கூடத்தில் போடுங்கள், பிள்ளையின் அறையில் வேண்டாம். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை இருபது விநாடி ஜன்னலுக்கு வெளியே தூரமாகப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். எங்கள் பெட்டிக்குள் ஒரு பல்லி குடித்தனம் நடத்தியது வேறு கதை.

கார்டு? 2025 தீபாவளிக்குத்தான் வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில், ஆர்எக்ஸ் 6600, எட்டு ஜிபி, பழையது. 132 வாட்தான் குடிக்கிறது. 2024-ல் போட்ட பவர் சப்ளையே தாங்குகிறது, வேறொன்றையும் மாற்றவில்லை. பழைய கார்டு வாங்கினால் விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், அசல் பில்லைக் கேளுங்கள். ஈத்தரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தைத் தோண்ட இரவு பகலாக ஓடிய கார்டுகள் 2022 செப்டம்பருக்குப் பிறகு நிறையச் சந்தைக்கு வந்தன. எல்லாமே கெட்டவை என்று சொல்லமாட்டேன்; ஓட்டிப் பார்க்காமல் மட்டும் வாங்காதீர்கள்.

திருச்சி சகோதரிக்கு: பிள்ளையை உட்கார வைத்து ஒரு தாளில் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே, இது ஏன் என்று ஒரு வரி உங்களுக்குப் புரிகிற மாதிரி அவன் எழுத வேண்டும். அப்படியே ஒரு நகல் எனக்கும் அனுப்புங்கள். சின்னவனும் நானும் பார்த்துவிட்டுப் பதில் போடுகிறோம். அதுவரை சீட்டுப் பணம் பீரோவிலேயே இருக்கட்டும்.