கோழி தூங்குது என்றால் முதல் கேள்வி "என்ன மருந்து?" அல்ல



மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கினால் நம்ம ஊரில் ஒரு பேச்சு வரும். "ராத்தா, எங்கட கோழி ரெண்டு நாளா தூங்கித் தூங்கி நிக்குது, என்ன மருந்து குடுக்கலாம்?" பதிலும் உடனே வரும். ஒருவர் மிளகும் மஞ்சளும் அரைத்து ஊட்டச் சொல்வார். இன்னொருவர் பிள்ளைக்கு வாங்கி மிஞ்சிய அமொக்சிலின் கெப்சூலை உடைத்துச் சொண்டுக்குள் போடச் சொல்வார். மூன்றாமவர், "சாக முந்தி அறுத்துருங்க" என்பார். அந்தக் கோழிக்கு என்ன வருத்தம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஒரு கோழிக்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். 2023இல் முட்டை விலை ஐம்பது ரூபாயைத் தாண்டி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை இந்த நாட்டுக்கு வந்தது. அந்த நாட்களில் வீட்டில் நாலு ஊர்க்கோழி நின்ற உம்மாமார் பிள்ளைகளுக்கு முட்டை கொடுத்தார்கள், மிஞ்சியதை விற்றுக் கொப்பியும் வாங்கினார்கள். கோழிக்கூடு பெரும்பாலும் பெண்களின் கையிருப்பு. ஒரு கிழமைக்குள் கூடு வெறுமையானால், அந்த நட்டம் எந்தக் கணக்கிலும் எழுதப்படாது.

நாம் ஆசிரியர்கள், மிருக வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் வகுப்பில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது "பார், பிறகு சொல்" என்பதைத்தான். அதைக் கூட்டடியிலும் செய்தால் என்ன?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். கோழி தன் நோயை மறைக்கும் பிராணி. சோர்ந்ததைக் கீரியும் பருந்தும் முதலில் தூக்கும், கூட்டத்தில் மற்றக் கோழிகளும் கொத்தும். அதனால் முடிந்த மட்டும் நல்லா இருப்பது போலவே நடமாடும். அது செட்டையைத் தொங்கப் போட்டு மூலையில் நிற்பதை நாம் காணும்போது, வருத்தம் வந்து சில நாட்கள் ஆகியிருக்கலாம். ஆகவே கண்டவுடனே அதைத் தனியாக ஒரு பெட்டியில் விட்டு, நிழலும் தண்ணீரும் கொடுங்கள். பிறகு இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது வருத்தம்தானா?
அடைக்கு இருக்கும் கோழியும் உடம்பை உப்பிக்கொண்டு கிடக்கும், சாப்பாடு குறையும். ஆனால் கிட்டப் போனால் சீறும், கொத்த வரும். நாளைக்கு ஒரு தடவை எழும்பி, நாற்றத்துடன் பெரிதாக எச்சமிடும். வருத்தக் கோழிக்குச் சீறத் தெம்பிருக்காது. இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நிற்பதும் இயல்புதான். நம்ம பக்கத்து நடுப்பகல் வெயிலில் சொண்டைத் திறந்து, செட்டையை விரித்து மூச்சு வாங்கினால், கோழிக்கு வியர்வை இல்லை என்பதை நினையுங்கள். அதற்குத் தேவை நிழலும் குளிர்ந்த தண்ணீரும்.

2. ஒன்றா, பலதா?
இதுதான் மிக முக்கியமான கேள்வி. ஒன்று மட்டும் சோர்ந்தால் அதன் உடம்பைத் தடவிப் பாருங்கள். கழுத்தடியில் இருக்கும் இரைப்பை இரவில் நிறைந்திருக்கும், விடியக் காலையில் வெறுமையாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுப் போல இருந்தால் நீளப் புல்லோ, கயிறோ, பொலித்தீனோ அடைத்திருக்கலாம். நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்தினால் பூச்சியோ நாட்பட்ட நோயோ இருக்கலாம். கொண்டை வெளிறியிருந்தால் இரவில் டோர்ச் அடித்துக் கூட்டின் வெடிப்புகளைப் பாருங்கள். பகலில் பலகைக்குள் ஒளிந்திருந்து இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணிகள் உண்டு. அதற்கு மருந்தை விட, கூட்டைக் கழுவிக் கொதிதண்ணீர் ஊற்றுவது முதல் வேலை.

ஓரிரு நாட்களுக்குள் பல கோழிகள் விழுந்தால், மூச்சு இழுத்தால், பச்சையாகக் கழிந்தால், கழுத்து முறுகினால் அது ராணிக்கெட்டாக இருக்கலாம். வீட்டு வைத்தியத்தோடு இருந்துவிடாமல் அன்றே அரச மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

3. எச்சம் எப்படி?
மண்ணிறத்தில், மேலே வெள்ளை படிந்திருந்தால் நல்லது. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் கண்டால், ஈரமான கூட்டில் பரவும் குடல் நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் மருந்து எடுக்க வேண்டும். பச்சை எச்சம் எல்லாமே ராணிக்கெட் அல்ல. சாப்பிடாத கோழிக்கும் பச்சையாகப் போகும்.

4. என்ன மாறியது? என்ன தின்றது?
நம்ம மாவட்டம் சோளத்துக்குப் பேர் போனது. விதைக்க வாங்கிய, நிறம் பூசிய மருந்துச் சோளம் முற்றத்தில் சிந்தியதா? பக்கத்துத் தோட்டத்தில் மருந்து அடித்தார்களா? "பூஞ்சணம் பிடித்த சோளம், நாம திங்க ஏலாது, கோழிக்குப் போடுவோம்" என்று போட்டோமா? அந்தப் பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடொக்சின் கோழியின் ஈரலைக் கெடுக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. நோய்க் கிருமி என்று தேடியவர்கள் கடைசியில் தீனியில் கலந்த கடலைப் பிண்ணாக்கில்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்.

இந்த நாலாவது கேள்வி மனித உயிர்களையும் காப்பாற்றியிருக்கிறது. 1890ஐ அண்டிய ஆண்டுகளில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்தார். அவருடைய கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. கிருமி ஏற்றிய கோழியும் விழுந்தது, ஏற்றாத கோழியும் விழுந்தது. பிறகு திடீரென்று எல்லாம் சுகமாகின. என்ன மாறியது என்று விசாரித்தார். இராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர் அதைக் கொடுக்க மறுத்ததும், கோழிகள் தவிடு நீக்காத அரிசிக்குத் திரும்பியிருக்கின்றன. தவிட்டோடு போன சத்தைத்தான் இன்று விற்றமின் பி1 என்கிறோம். 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கோழிகளை அன்றே அறுத்துச் சூப் வைத்திருந்தால்?

இனி நம்ம கருத்தைத் திறந்து சொல்கிறோம்.

பிள்ளையின் அன்டிபயோட்டிக்கைக் கோழிக்குப் போடுவதை நிறுத்துவோம். ராணிக்கெட் வைரஸ் நோய், அன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது. அளவு தெரியாமல் கொடுக்கும் மருந்து முட்டைக்குள்ளும் இறைச்சிக்குள்ளும் வரும், கிருமிகளும் அந்த மருந்துக்குப் பழகிவிடும். நாளை அதே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாமல் போனால் யாரிடம் முறையிடுவது?

சோர்ந்த கோழியை அவசரமாக விற்பதையும் நிறுத்துவோம். ஈரத் தானியத்தை அடியில் மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நாம் எல்லோரும் ஜும்ஆவில் கேட்டதுதான். வருத்தத்தை மறைத்து விற்ற கோழி இன்னொரு வீட்டுக் கூட்டையும் வெறுமையாக்கும். அறுப்பதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேளுங்கள். சுகாதாரப் பக்கத்தில் நாம் சொல்வது, காரணம் தெரியாமல் சாகக் கிடக்கும் கோழியை அறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். செத்ததை ஆற்றிலோ பற்றைக்குள்ளோ வீசாமல் ஆழமாகப் புதையுங்கள், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

கடைசியாக, ராணிக்கெட்டுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி இருக்கிறது. அப்படியிருந்தும் நம்ம வீடுகளில் ஏன் போடுவதில்லை? சோம்பல் மட்டும் காரணமல்ல. தடுப்பு மருந்து நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான குப்பியில் வருகிறது. கரைத்தால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், குளிரிலும் வைத்திருக்க வேண்டும். ஆறு கோழி வைத்திருக்கும் ஒரு வீடு அதை என்ன செய்யும்? ஆனால் இருபது வீடு சேர்ந்தால் நூறு கோழிக்கு மேல் வரும். கந்தூரிக்கு ஒன்று சேரும் தெரு, ஒரு காலை வேளையில் இதற்கும் ஒன்று சேரலாம். கோழிகள் நல்லா இருக்கும்போதே போட வேண்டும், வருத்தம் பரவிய பிறகு போட்டுப் பலனில்லை. தண்ணீரில் கலந்து கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் கூடாது, அது மருந்தையே கொன்றுவிடும்.

ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் பொறுப்பெடுத்து, எந்த வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். கணக்குக் கைக்கு வந்தால், மிருக வைத்திய அலுவலகத்துக்குப் போய் நாள் கேட்க நாங்கள் வருகிறோம், இன்ஷா அல்லாஹ்.